மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு வெப்சைட் போட்டும் கூகுளில் வரமாட்டேன் என்கிறது. நம்பகமான தளமாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்? மாதக் கட்டணம் கட்டி பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்கலாமா?

வாங்காதீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் முடிந்தது. முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை.

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: காங்கேயம் பக்கம் கடை, வெப்சைட் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கடைப் பெயரைத் தேடினால்கூட ஜஸ்ட்டயல் பக்கம்தான் முதலில் வருகிறது. ஒரு ஏஜென்சி, மாதம் 300 பேக்லிங்க் போட்டு டொமைன் அத்தாரிட்டியை 40-க்கு ஏற்றித் தருகிறேன் என்கிறது. நான் கோவை, திருப்பூர் பக்கம் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன். இதே வாசகத்தோடு கோட்டேஷன் வந்திருக்கிறது, நம்பலாமா என்று அடிக்கடி யாராவது வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.

டொமைன் அத்தாரிட்டி என்பது, ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மோஸ் என்ற தனியார் நிறுவனம் தானாகக் கணக்குப் போட்டுச் சொல்லும் எண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. அந்த எண் 40 ஆனாலும் உங்கள் கடையில் ஒரு லிட்டர் கூடுதலாக விற்காது. காசுக்கு விற்கும் லிங்க்கை கூகுள் ஸ்பேம் என்றுதான் வகைப்படுத்துகிறது. 2012 ஏப்ரலில் தேடல் வரிசையைக் கணக்கிடும் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தை கூகுள் கொண்டுவந்தபோது இப்படி லிங்க் குவித்த தளங்கள் கூட்டமாகக் கீழே போயின. இன்றைக்கு கூகுள் பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது, அதாவது உங்கள் பணம் போச்சு. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அடுத்த முறை போன் வந்தால் அந்த வரியை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்.

சரி, நம்பகம் எங்கிருந்து வருகிறது? தேடல் முடிவுகளின் தரத்தைச் சோதிக்கும் ஆட்களுக்கு கூகுள் ஒரு வழிகாட்டி தருகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அனுபவம், நிபுணத்துவம், அந்தத் துறையில் உள்ள பெயர், நம்பகத்தன்மை என்று நான்கைப் பார்க்கச் சொல்கிறது. அனுபவம் 2022 டிசம்பரில்தான் சேர்ந்தது. நான்கிலும் முக்கியம் நம்பகத்தன்மை என்று அதிலேயே இருக்கிறது. அவர்கள் போடும் மதிப்பெண் உங்கள் இடத்தை நேரடியாக மாற்றாது. ஆனால் எந்த மாதிரிப் பக்கத்தை மேலே கொண்டுவர கூகுள் பார்க்கிறது என்பது அதில் தெரியும். ஒரு தளம் தன்னைப் பற்றிச் சொல்வதோடு நின்றுவிடாமல், அதைப் பற்றி வெளியே மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் தேடிப் பார்க்கச் சொல்கிறது. சின்னக் கடைகள் கோட்டை விடுவது இங்கேதான்.

முதலில் பெயர். சைன்போர்டில் ஒன்று, ஜி.எஸ்.டி.யில் ஒன்று, ஜஸ்ட்டயலில் பழைய போன் நம்பரோடு ஒன்று, கூகுள் மேப்பில் யாரோ வாடிக்கையாளர் போட்ட பெயர் ஒன்று. 'ஸ்ரீ'யை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். இவையெல்லாம் ஒரே கடைதான் என்று இயந்திரம் எப்படி முடிவு செய்யும்? உட்கார்ந்து எல்லா இடத்திலும் பெயர், முகவரி, போன் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பைசா செலவில்லை. தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் இலவசம்தான். அதில் கடைப் பெயரோடு 'பெஸ்ட் மரச்செக்கு ஆயில் இன் திருப்பூர்' என்று ஒட்டவைக்காதீர்கள். விதிமீறல் அது, புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். பக்கத்து ஊரில் இருப்பவர் தேடும்போது வரும் மேப் பட்டியலுக்குப் பொருத்தம், தூரம், கடைக்கு உள்ள பிரபலம் மூன்றும்தான் கணக்கு. காசு கொடுத்து அந்த வரிசையில் முன்னே போக முடியாது.

அடுத்து 'எங்களைப் பற்றி' பக்கம். நான் பார்த்த செக்கு எண்ணெய்த் தளங்களில் பாதிக்கு மேல், 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஆரம்பித்து, இணையத்தில் எடுத்த ஆலிவ் எண்ணெய் பாட்டில் படத்தோடு முடிகிறது. உங்கள் செக்கு வாகை மரமா? கொப்பரை யாரிடமிருந்து வருகிறது, கந்தகம் போடாதது என்று எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள்? எள் ஆட்டும்போது கருப்பட்டி எப்போது போடுகிறீர்கள், ஏன்? ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு எத்தனை கிலோ பருப்பு போகிறது, அதனால் விலை ஏன் பாக்கெட் எண்ணெயைவிட அதிகம்? அடியில் கசடு நிற்பது கலப்படமா? கடைசிக் கேள்வியை உங்கள் கடைக்கு வருபவர்கள் தினமும் கேட்பார்கள். வெயிலில் வைத்துத் தெளிய விடும் தகர டின்னை போனிலேயே நாலு படம் எடுத்து, நீங்கள் வாயால் சொல்லும் பதிலை அப்படியே தமிழில் எழுதுங்கள். அனுபவம் என்று அந்த வழிகாட்டி சொல்வது இதைத்தான். ஏ.ஐ.யிடம் ஐம்பது கட்டுரை எழுதி வாங்கிப் போடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தரவரிசைக்காக இப்படி மொத்தமாகக் கட்டுரை குவிப்பதை 2024 மார்ச் முதல் கூகுள் பெயர் சொல்லியே ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது.

உங்கள் தொழிலுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. 'சர்க்கரை நோய் குணமாகும்', 'மாரடைப்பு வராது', 'கொலஸ்ட்ரால் கரையும்' என்று எழுதியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உடல்நலம், பணம் தொடர்பான பக்கங்களை கூகுள் மற்றதைவிடக் கறாராகப் பார்க்கிறது. தேடல் ஒருபுறம் இருக்கட்டும், உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 ஒழுங்குமுறைப்படி தப்பு. பக்கத்துக் கடைக்காரர் போட்டிருக்கிறாரே என்பீர்கள். போடட்டும். அந்த இடத்தில் உங்கள் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணைப் போடுங்கள், யார் வேண்டுமானாலும் அரசுத் தளத்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தளத்திலேயே ஆர்டர் எடுத்தால் முகவரி, போன், குறைதீர்ப்பு அலுவலர் பெயர், ரிட்டர்ன் விவரம் எல்லாம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கேட்பதும் இதைத்தான். முன்பணம் கட்டப்போகிறவர் பார்ப்பதும் இதைத்தான்.

ரிவ்யூ விஷயத்தில், பில்லோடு ஒரு க்யூ.ஆர். கொடுத்து எல்லாரிடமும் கேளுங்கள். ஐந்து ஸ்டார் போட்டால் நூறு ரூபாய் தள்ளுபடி என்பது விதிமீறல். மச்சான், மாப்பிள்ளை எல்லாம் எழுதுவதும் அப்படியே. ஒருவர் 'எண்ணெய் காறல் வாடை அடிக்கிறது' என்று ஒரு ஸ்டார் போட்டால் சண்டைக்குப் போகாமல், எந்தத் தேதி ஆட்டியது, மாற்றித் தருகிறோம், கடைக்கு வாங்க என்று பதில் போடுங்கள். புதிதாக வருபவர் முதலில் படிப்பது அந்த ஒரு ஸ்டாரைத்தான்.

டெக்னிக்கல் வேலை அதிகமில்லை. தள முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குகிறதா, போனில் சட்டென்று திறக்கிறதா, கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து உங்கள் பக்கங்கள் இன்டெக்ஸ் ஆகியிருக்கின்றனவா, அதாவது கூகுளின் பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சொந்தப் பெயருக்கே வரவில்லை என்றால் இதை முதலில் சோதிக்க வேண்டும். தளம் கட்டும்போது, தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லப் போட்டு வைத்த 'நோஇன்டெக்ஸ்' டிக்கை எடுக்க மறந்த டெவலப்பர்கள் உண்டு.

லிங்க் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும், தெரிந்தவர்களிடமிருந்து. சென்னையில் உங்கள் எண்ணெயை விற்கும் ஆர்கானிக் கடை தன் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு லிங்க் கொடுக்கலாம். செக்கைப் பார்க்க வந்த கல்லூரி மாணவர்கள் எழுதலாம். அப்படி நாலு கிடைத்தால் அந்த 300-ஐவிட மேல்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, ஆள் வைத்துத்தான் செய்வேன் என்றால் வையுங்கள். ஆனால் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பெயரில், பிசினஸ் புரொஃபைலின் முதன்மை உரிமையாளர் உங்கள் ஜிமெயிலில் இருக்கட்டும். அவர்களை மேனேஜராக மட்டும் சேருங்கள். ஒப்பந்தம் முறிந்த பிறகு சொந்தக் கடையின் லாகினுக்காக அலைகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.