காம்பொனென்ட்டில் லைசென்ஸ் சோதனை: கேள்வி-பதில்

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில், மற்ற டெவலப்பர்கள் வாங்கித் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும்படி, சொந்தமாக ஒரு கன்ட்ரோல் (ஒரு வகைக் காம்பொனென்ட்) எழுதியிருக்கிறேன். லைசென்ஸ் சோதனையை எங்கே வைப்பது?

கன்ஸ்ட்ரக்டரில், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோடில். கிளாஸின் தலையில் லைசென்ஸ்புரொவைடர் அட்ரிபியூட்டை (லைசென்ஸைச் சோதிக்கும் கிளாஸ் எது என்று சொல்லும் குறிப்பை) போட்டு, கன்ஸ்ட்ரக்டரில் லைசென்ஸ்மேனேஜரின் வேலிடேட்டை அழையுங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் அதுவே எக்ஸெப்ஷன் எறியும். கிடைத்த லைசென்ஸை டிஸ்போஸில் மறக்காமல் விடுவியுங்கள்.

டாட்நெட்டோடு கூடவே வரும் லிக்ஃபைல் லைசென்ஸ் புரொவைடர் போதுமா?

பழகிப் பார்க்கப் போதும், விற்பதற்குப் போதாது. கிளாஸின் பெயரோடு சேர்ந்த ஒரு நிலையான வாக்கியம் கோப்பில் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. நோட்பேட் வைத்திருக்கும் யாரும் அதை எழுதிவிடலாம். லைசென்ஸ்புரொவைடரை இன்ஹெரிட் செய்து லைசென்ஸைத் தரும் கெட்லைசென்ஸ் மெத்தடை நீங்களே எழுதுங்கள்.

கோடுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்து, அதோடு ஹேஷ் செய்து (கணக்கிட்டு ஒரு குறியீடாக மாற்றி) லைசென்ஸ் கீ உருவாக்குகிறேன். சரிதானா?

தயவுசெய்து இதை மாற்றுங்கள். டிஎல்எல்லை (கம்பைல் ஆன காம்பொனென்ட் கோப்பை) டீகம்பைல் செய்தால், அதாவது மறுபடி கோடாக மாற்றினால், ரகசியச் சொல்லும் வெளியே வரும், ஹேஷ் போடும் முறையும் வெளியே வரும். அப்புறம் யார் பெயருக்கும் கீ தயாரிக்கலாம். டிஜிட்டல் கையொப்பம்தான் சரியான வழி. வாங்கியவர் பெயர், பதிப்பு, கடைசித் தேதி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி, உங்களிடம் மட்டும் இருக்கும் பிரைவேட் கீயால் கையொப்பமிடுங்கள். காம்பொனென்ட்டுக்குள், கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பப்ளிக் கீ மட்டும் போகட்டும். அதை யார் பார்த்தாலும் கவலையில்லை. கையொப்ப முறை ஆர்எஸ்ஏ 2048 என்றால் கையொப்பம் 256 பைட். பி-256 என்ற வளைவில் ஈசிடிஎஸ்ஏ முறை என்றால் 64 பைட்தான். கீயை ஒரே வரியில் அனுப்ப நினைத்தால் பின்னதைத் தேர்ந்தெடுங்கள்.

சோதனை வரியையே வெட்டி எறிபவரை இதுவும் தடுக்காது. கோடைப் புரியாதபடி குழப்பிவைக்கும் அப்ஃபஸ்கேட்டர் அவரைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் போலி கீ தயாரிப்பது நின்றுவிடும். நேர்மையாக வாங்குபவர்களுக்கு விற்கும் நமக்கு அதுவே முக்கியம்.

என் காம்பொனென்ட்டை வாங்கியவர் செய்த புரோகிராம், அவருடைய பயனர்களிடமும் லைசென்ஸ் கேட்கிறது. ஏன்?

டிசைன் டைம் (டெவலப்பர் புரோகிராமை உருவாக்கும் நேரம்), ரன் டைம் (பயனர் அதை ஓட்டும் நேரம்) இரண்டையும் நீங்கள் பிரிக்கவில்லை. கெட்லைசென்ஸுக்கு வரும் கான்டெக்ஸ்ட்டின் யூசேஜ்மோடைப் பாருங்கள். டிசைன் டைமில் கோப்பைச் சோதித்து, கீயை செட்சேவ்டுலைசென்ஸ்கீயில் கொடுங்கள். பிராஜெக்ட்டில் லைசென்சஸ்.லிக்ஸ் கோப்பு இருந்தால், பில்டின்போது லைசென்ஸ் கம்பைலரான எல்சி.எக்ஸி அந்தக் கீயை புரோகிராமுக்குள் பொதித்துவிடும். ரன் டைமில் அதை கெட்சேவ்டுலைசென்ஸ்கீயால் எடுத்துச் சரிபாருங்கள். லைசென்ஸ் தொல்லை டெவலப்பரின் மேசையோடு நிற்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இன்டர்நெட்டில் சரிபார்க்கலாமா?

வேண்டாம். உங்கள் சர்வர் படுத்தால் அவர்கள் தொழிலும் படுக்கும்.

கணினியின் தேதியைப் பின்னால் தள்ளி ஏமாற்றுகிறார்களே?

சந்தா என்றால் முழுமையாகத் தடுக்க முடியாது. ‘ஓராண்டு அப்டேட்’ என்று விற்றால் கணினியின் தேதியே தேவையில்லை. காம்பொனென்ட் வெளியான தேதியை அதற்குள்ளேயே எழுதி, லைசென்ஸின் கடைசித் தேதியோடு ஒப்பிடுங்கள். பழைய பதிப்பு என்றைக்கும் ஓடும், புதியதற்கு மட்டும் புது லைசென்ஸ் வேண்டும்.