எலும்பு எவ்வளவு கரைகிறது என்று பார்க்க அம்மாவுக்கு எடுத்த சிடிஎக்ஸ் ரத்த டெஸ்ட் இரண்டு லேபில் இரண்டு மாதிரி வருகிறதே, எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்ப்பதில்தான் வம்பு. மும்பையில் 14 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆனாலும் இது எனக்கு உறைத்தது என் மாமியாரால்தான்.

மாட்டுங்காவில் இருக்கிறார். எலும்பு மெலிவுக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, எலும்பு கரைவதைக் குறைப்பதற்கு. தொடங்கும் முன் சிடிஎக்ஸ் 620. மூன்று மாதம் கழித்து வீட்டுப் பக்கத்தில் வேறொரு லேபில் எடுத்தார். அன்று சாயங்காலம் போன்: "ஏம்மா, 0.39னு போட்டிருக்கான். எனக்கு எலும்பே இல்லையா?"

அது யூனிட் குழப்பம். முதல் லேப் பிகோகிராம், இரண்டாவது நானோகிராம். ஒரு நானோகிராம் ஆயிரம் பிகோகிராம், அதனால் 0.39 என்றால் 390. மருந்து கேட்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தியது. "எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தாங்க அத்தை?" "பதினொண்ணு இருக்கும். இட்லி சாப்பிட்டுட்டுத்தானே போனேன்."

சரிதான். எலும்பு கரையும்போது அதன் கொலாஜனிலிருந்து உடைந்து ரத்தத்துக்கு வரும் துணுக்குதான் சிடிஎக்ஸ். விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலுக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டால் இன்னும் இறங்கும். போதாததற்கு, மெஷினும் வேறு. 2011இலேயே சர்வதேச அமைப்புகள் சிடிஎக்ஸையும், எலும்பு உருவாவதைக் காட்டும் பி1என்பி டெஸ்டையும் பொது அளவீடாகச் சிபாரிசு செய்தன. ஆனால் கிட் தயாரிக்கும் கம்பெனிகள் தத்தம் அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன. ஒரே ட்யூப் ரத்தத்தைப் பிரித்து இரண்டு மெஷினில் போட்டாலும் எண் ஒத்துப்போகாது.

பழைய லேபுக்கே காலை ஏழரைக்கு வெறும் வயிற்றோடு கூட்டிப்போனேன். 570. ஏறக்குறைய 25, 30 சதவீதமாவது இறங்கினால்தான் அது மாற்றம். 620க்கும் 570க்கும் நடுவில் இருப்பது வெறும் ஆட்டம்.

அப்புறம்தான் கேட்கத் தோன்றியது, மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்று. ஃபில்டர் காபியோடு! இந்த மாத்திரை உடம்பில் சேருவதே சொற்பம். காபி அதிலும் பாதிக்கு மேல் கெடுத்துவிடும். வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை நாளில் டிகாஷனைத் தள்ளிப்போட அவரைச் சம்மதிக்கவைத்தது தனிக் கதை. அடுத்த மூன்றாவது மாதம், அதே லேப், அதே ஏழரை மணி: 280.

உங்கள் அம்மாவின் இரண்டு ரிப்போர்ட்டிலும் யூனிட்டையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் முதலில் பாருங்கள். எந்த மெஷின் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டால் சொல்வார்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். சில கிட்களில் அது சிடிஎக்ஸைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரே சொல்லட்டும். சர்க்கரை இருக்கிறது, வெறும் வயிற்றில் போக முடியாது என்றால் பி1என்பி எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதை இட்லி அவ்வளவாக அசைக்காது.