கமா போட்டுத் தரும் எண்களைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: பைதான் கற்று வருகிறேன். 10,20,30 என்று பயனர் கமா போட்டுத் தரும் மூன்று எண்களைப் பிரித்துக் கூட்டும் நிரல் எழுதினேன். நடுவில் இரண்டு கமா விழுந்தாலோ கடைசியில் ஒன்று தொங்கினாலோ வேல்யூ எரர் வந்து நின்றுவிடுகிறது. இஸ்டிஜிட் போட்டுச் சோதித்தால் -5ஐயும் தவறு என்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த இஸ்டிஜிட்டைத் தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் இலக்கமா என்றுதான் அது பார்க்கும், கழித்தல் குறி இலக்கம் இல்லையே, அதனால்தான் -5 அடிபடுகிறது. ஆனால் ² என்ற வர்க்கக் குறியைச் சரி என்று விட்டுவிடும், அதை, எழுத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட்டிடம் கொடுத்தால் அங்கே உடையும். எண்ணா இல்லையா என்பதை இன்ட்டையே கேளுங்கள்: ட்ரைக்குள் மாற்றிப் பாருங்கள், மாறாவிட்டால் எக்ஸெப்ட்டில் வேல்யூ எரரை மட்டும் பிடியுங்கள். எந்தப் பிழை என்று பெயர் சொல்லாத வெறும் எக்ஸெப்ட் வேண்டவே வேண்டாம், மாறியின் பெயரை நீங்கள் தப்பாகத் தட்டியிருந்தால் அந்தப் பிழையையும் அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

சரி, இப்போது உள்ளீட்டைத் துண்டு துண்டாக வெட்டும் ஸ்ப்ளிட். 10, 20,,30 என்பதைக் கமாவில் வெட்டினால் நான்கு துண்டு வரும்: '10', ' 20', '', '30'. இரண்டாவதின் முன்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியை இன்ட் பொருட்படுத்தாது, பிரச்சினை மூன்றாவதில் இருக்கும் வெற்றுத் துண்டுதான். பலர் அதைச் சும்மா வடிகட்டிவிடச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் நடுவில் காலி இருந்தால் பயனர் ஓர் எண்ணை விட்டிருக்கலாம், அதை நாமாக மறைத்தால் கூட்டுத்தொகை தப்பாகப் போய் யாருக்கும் தெரியாமலே கிடக்கும். கடைசியில் தொங்கும் கமாவை வேண்டுமானால் மன்னிக்கலாம். மற்றபடி துண்டுகளுக்கு வரிசை எண் போடும் எனுமரேட்டை 1லிருந்து எண்ண வைத்து, “3வது இடம் காலியாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, வைல் லூப்பில் மறுபடி கேளுங்கள். வெறுமனே ‘தவறான உள்ளீடு’ என்றால் அவர் எதைத் திருத்துவார்?

அப்புறம், எத்தனை துண்டு என்று லென் வைத்துப் பார்க்கும்போது கவனம். ஒன்றுமே தட்டாமல் என்டர் அடித்தால் கமாவில் வெட்டிய பட்டியலின் நீளம் 0 இல்லை, 1. உள்ளே ஒரு வெற்றுச் சரம் உட்கார்ந்திருக்கும். அடைப்புக்குள் எதுவும் தராத ஸ்ப்ளிட்தான் வெற்றுப் பட்டியல் தரும், அது இடைவெளியில் வெட்டுவது.

நாளைக்கு எண்ணுக்குப் பதில் மேற்கோள் குறிக்குள் கமா வரும் முகவரி மாதிரி ஏதாவது வந்தால் ஸ்ப்ளிட்டோடு மல்லுக்கட்டாதீர்கள், கமா போட்ட தரவைப் படிக்கவென்றே பைதானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள்.