ஹர்ஸ் என்றால் எப்போதும் வண்டியல்ல

வணக்கம். நீங்கள் மொழிபெயர்க்கும் 15ஆம் நூற்றாண்டு ஆங்கில உயிலில் தேவாலயத்துக்குள் 'ஹர்ஸ்' (hearse) நிற்கிறது, அதில் மெழுகுவத்திகள் எரிகின்றன என்று வருகிறது, அந்தச் சொல்லுக்கு இன்று வழங்கும் 'சவ ஊர்தி' என்ற பொருள் பொருந்தவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் மிகச் சரி. அங்கே வண்டியே கிடையாது; அது சவப்பெட்டியின் மேல் நிறுத்திய மெழுகுவத்திச் சட்டகம்.

பழைய பிரெஞ்சில் 'ஹெர்ஸ்' என்பது உழுத நிலத்தில் கட்டி உடைக்க இழுக்கும் பலுகு. லத்தீனில் 'ஹிர்பெக்ஸ்'. அதற்கும் வேர், இத்தாலியின் பழைய ஆஸ்கன் மொழியில் ஓநாயைக் குறித்த 'ஹிர்புஸ்' என்கிறார்கள். பலுகின் பற்களைப் பார்த்தவர்களுக்கு ஓநாயின் வாய் நினைவுக்கு வந்திருக்கிறது! அந்தச் சட்டகத்திலும் மெழுகுவத்தி செருகும் முட்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்ததால் அதே பெயர். யார்க்‌ஷயரின் வெஸ்ட் டான்ஃபீல்டு தேவாலயத்தில், கல்லறைச் சிலைகளுக்கு மேல் அப்படியோர் இரும்புச் சட்டகம் இன்றும் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

வண்டி என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. நாம் சொல்லும் 'ரிஹர்சல்' கூட இதே குடும்பம்தான்: அதன் மூலப் பொருள், உழுததை மறுபடி பலுகால் கிளறுவது.

உங்கள் வரியில் 'மெழுகுவத்திச் சட்டகம்' என்றே எழுதுங்கள். முதல் இடத்தில் மட்டும் 'சவப்பெட்டியின் மேல் நிறுத்திய' என்று சேர்த்தால் போதும்.