கேரளத்தைவிடப் பெரிய கவுன்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மைத்துனர் மகன் கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ கவுன்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அந்தக் கவுன்டி நம்ம மொத்தக் கேரளத்தையும் விடப் பெரியது என்கிறான். கவுன்டி என்றால் ஜில்லா மாதிரிதானே? பையன் அளந்து விடுகிறானா?
(வாசகர், வேலந்தாவளம்)

பதில்: இந்த விஷயத்தில் பையனை நம்பலாம். கேரளம் 38,863 சதுர கிலோமீட்டர், சான் பெர்னார்டினோ ஏறக்குறைய 52,000. அமெரிக்காவில் கவுன்டி என்று பெயர் கொண்டவற்றில் பரப்பளவில் இதுதான் முதலாவது. 1853-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியிலிருந்து பிரித்தபோது இன்னும் பெரியதாக இருந்தது. 1893-இல் இதிலும் ஒரு துண்டை வெட்டி ரிவர்சைடு கவுன்டியில் சேர்த்தார்கள்.

அதற்காக எல்லாக் கவுன்டியும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். நாடு முழுக்க மூவாயிரத்து நூறுக்கு மேல் இருக்கின்றன, நியூயார்க் நகரத்துக்குள்ளேயே ஐந்து, அதில் மன்ஹாட்டன் தீவு கிட்டத்தட்ட ஒரு முழுக் கவுன்டி. ஜில்லா மாதிரி என்பதும் பாதிதான் சரி, ஏனென்றால் சான் பெர்னார்டினோவில் கலெக்டர் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழு நிர்வாகம் செய்கிறது, போலீஸ் தலைவரான ஷெரிஃபையும் ஜனங்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய இடத்தில் எத்தனை கோடிப் பேர் இருப்பார்கள்?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: கோடிக்கே வழியில்லை. 2020 கணக்கெடுப்பில் 21,81,654 பேர். நம் பாலக்காடு மாவட்டத்தில் மட்டும் 2011-லேயே 28 லட்சம் பேர் இருந்தோம், அதுவும் அந்த இடத்தின் பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லாத நிலத்தில்.

காரணம் மலை. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை சான் பெர்னார்டினோ மலைகளும் சான் கேப்ரியேல் மலைகளும் மறித்துக்கொள்கின்றன. தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு நம் கிழக்கே போகும்போது என்ன ஆகிறதோ அதேதான் அங்கேயும், ஆனால் பல மடங்கு கடுமையாக. மலைக்கு அந்தப் பக்கம் மொஹாவே பாலைவனம். கவுன்டியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாலைவனம்தான், அது கிழக்கே கொலராடோ நதி வரைக்கும் போகிறது. இன்னொன்று, ஐந்தில் நான்கு பங்கு நிலம் கவுன்டியின் கையிலேயே இல்லை, பெரும்பகுதி மத்திய அரசுடையது: ராணுவப் பயிற்சித்தளங்கள், மொஹாவே தேசியப் பாதுகாப்புப் பகுதி, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஒரு பகுதி இப்படி. மலையில் பனி விழுகிறது, பிக் பேர் ஏரிப் பக்கம் பனிச்சறுக்கப் போகிறார்கள். தெற்கு கலிஃபோர்னியாவின் உச்சியான சான் கோர்கோனியோ, 3,506 மீட்டர், இங்கேதான்.

ஆக ஜனங்களில் பெரும்பாலோர் தென்மேற்கு மூலையில், மலையடிவாரப் பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 42 பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நெருக்கடி தெரியாது. சராசரி எண்களை நான் பெரிதாக நம்புவதில்லை.

கேள்வி: அங்கேயும் நம்ம ஊர் மாதிரி ஒரு கணவாய் இருக்கிறதாமே?
(லாரி ஓட்டுநர், வாளையார்)

பதில்: உங்களைப் போன்றவர்தான் இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கஹோன் கணவாய். இரண்டு மலைத்தொடருக்கும் நடுவே, சான் ஆண்ட்ரியாஸ் என்ற பெரிய நிலப்பிளவு போகும் வழியில் உண்டானது. நம் பாலக்காட்டுக் கணவாய் அகலமாக, ஏறக்குறைய சமதரையாக இருக்கிறது. அது ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும் வழி, லாரிக்குப் பிரேக் சரியாக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து லாஸ் வேகாஸ் போகும் 15-ஆம் எண் நெடுஞ்சாலையும், இரண்டு பெரிய ரயில் கம்பெனிகளின் தண்டவாளங்களும் அதற்குள்தான் நுழைகின்றன. காற்றும் அப்படியே. மார்கழி, தை மாதத்தில் நம் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடித்து உதட்டை வெடிக்க வைக்கிறதே, அங்கே இலையுதிர் காலத்தில் பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி ‘சான்டா ஆனா’ காற்று அடிக்கிறது. நமக்கு உதடு வெடிப்பதோடு போகிறது, அங்கே ஒரு பொறி பட்டால் மலையே எரிகிறது.

லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறங்கும் கன்டெய்னர்களில் பல இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துதான் பிரிந்து போகின்றன. ஒரு காலத்தில் ரெட்லேண்ட்ஸில் ஆரஞ்சுத் தோட்டம், சீனோவில் மாட்டுப்பண்ணை, ஃபான்டானாவில் 1942-இல் தொடங்கிய எஃகு ஆலை. ஆலை 1983-இல் மூடப்பட்டது. இப்போது ஒன்டாரியோ, ஃபான்டானா, ரியால்டோ பக்கமெல்லாம் கிடங்குகள்தான். வேலை கிடைக்கிறது, கூடவே லாரிப் புகையும். புகையும் வெயிலும் சேர்ந்து தரையோரக் காற்றில் உண்டாக்கும் ஓசோன் மாசில் அமெரிக்காவின் மிக மோசமான கவுன்டிகளில் இது ஒன்று. வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தில் அங்கே குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அங்கே உள்ளவர்கள் யார், எல்லோரும் வெள்ளைக்காரர்களா?
(கல்லூரி மாணவி, சித்தூர்)

பதில்: இல்லை. பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வழியினர், அதிலும் மெக்சிகோ வழியினர்தான் அதிகம். வீட்டில் ஸ்பானிஷ், வேலையில் ஆங்கிலம் என்று இரண்டையும் கலந்து பேசுகிற ஊர்கள், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுகிற உங்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. லோமா லிண்டா என்ற சிறு நகரத்தில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் நிறைய. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், அதனால் பல வருஷம் அந்த ஊரில் தபால் சனிக்கிழமைக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை வந்தது! பலர் சைவம், நீண்ட ஆயுளுக்கு அந்த ஊர் பேர்போனது. சீனோ ஹில்ஸில் 2012-இல் திறந்த பெரிய சுவாமிநாராயண் கோயில் இருக்கிறது, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அங்கே இருந்தால் போய்ப் பார்க்கலாம்.

இவர்களுக்கெல்லாம் முன்பே இருந்தவர்கள் மலையில் செரானோ, கொலராடோ நதியோரம் செமெஹுவேவி, மொஹாவே என்னும் பூர்வகுடி ஜனங்கள். 1866-இல் ஆயுதக் கும்பல்கள் மலையில் செரானோக்களை வேட்டையாடின. மிஞ்சியவர்களை சான்டோஸ் மனுவெல் என்ற தலைவர் பள்ளத்தாக்குக்கு இறக்கிக் கொண்டுவந்தார். 1891-இல் அந்தப் பூர்வகுடிகளுக்கென்று கிடைத்த ஒதுக்கீட்டு நிலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் வழிவந்தவர்கள் நடத்தும் சூதாட்ட விடுதியில் இன்று அந்தப் பகுதிக்காரர்கள் பல ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய இடம், தனி மாநிலம் கேட்க மாட்டார்களா?
(வாசகர், கோபாலபுரம்)

பதில்: கேட்டுவிட்டார்களே. மாநில அரசின் நிதியில் நமக்குச் சேர வேண்டிய பங்கு வருகிறதா, வராவிட்டால் பிரிவது உட்பட என்ன வழி என்று ஆராயலாமா என 2022 நவம்பரில் ஜனங்களிடமே ஓட்டெடுத்தார்கள், ‘ஆராயலாம்’ என்பது நூலிழையில் ஜெயித்தது. பிரிய வேண்டுமானால் கலிஃபோர்னியா சட்டமன்றமும் அமெரிக்க நாடாளுமன்றமும் சம்மதிக்க வேண்டும், அதனால் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1956-இல் கேரளத்துக்கு மாநில எல்லை போட்டபோது உங்கள் ஊர்க்காரர்களிடம் யாரும் இப்படி ஓட்டெடுக்கவில்லை.