ஆஸ்பத்திரில உக்காந்து 'ஏழாம் உலகம்' படிக்கலாமா?

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக், பன்னெண்டு நாளா ஆஸ்பத்திரில நான்தான் கூட இருக்கேன், நைட்ல படிக்க ஜெயமோகனோட ஏழாம் உலகம் எடுத்துட்டு வந்தேன், எழுபது பக்கத்துக்கு மேல போக முடியல, பாதில விடவும் மனசில்ல, என்ன பண்ணட்டும்?"னு ஒருத்தர் கேட்டிருக்காங்க.

இப்போதைக்கு மூடி வைங்க. 2003ல வந்த நாவல், அப்பா வீட்டுக்கு வந்தப்புறமும் அங்கயேதான் இருக்கும்.

கை கால் இல்லாதவங்கள பிச்சை எடுக்க வெச்சு சம்பாதிக்கிற போத்திவேலு பண்டாரம் அவங்கள 'உருப்படி'ன்னு சொல்லி வாங்குறதும் விக்கிறதும், ஏதோ மாட்டுச்சந்தை பேச்சு மாதிரி அவ்ளோ சாதாரணமா வரும், அந்த சாதாரணம்தான் நம்மள போட்டு அடிக்குது. நீங்களோ பகல் பூரா அப்பாவ புரட்டி படுக்க வெச்சு, தொடச்சு விட்டு, ஒரு உடம்பு எவ்ளோ சீக்கிரம் அடுத்தவங்க கைய எதிர்பாக்க ஆரம்பிச்சிருதுன்னு கண்ணால பாத்துட்டு இருக்கீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு புத்தகத்துலயும் அதேன்னா மனசு எங்க போய் ஒதுங்கும் சொல்லுங்க. இந்த நாவல தழுவி வந்த 'நான் கடவுள்' படம் பாத்தவன்தானே, தாங்கிடலாம்னு நெனச்சு எடுக்குறவங்க நிறைய பேர், ஆனா படம் ரெண்டரை மணி நேரத்துல விட்ரும், நாவல் நாள் கணக்கா கூடவே வரும்.

சில பேருக்கு கஷ்டகாலத்துல இருட்டான புத்தகம்தான் துணை, பொய்யா தைரியம் சொல்ற புத்தகத்த விட இது மேல்னு தோணும், அதுவும் நிஜம்தான். உங்களுக்கு எப்படின்னு பாக்க ஒரு வழி இருக்கு: புத்தகத்த மூடிட்டு அப்பா முகத்த பாக்குறப்போ அவர் மேல இன்னும் பிரியம் வருதா, இல்ல பயம் வருதா? பயம்னா நிறுத்திருங்க.

பிரியம்னா, பகல்ல மட்டும் படிங்க, ஒரு நேரத்துக்கு ஒரு அத்தியாயம் போதும். அந்த உருப்படிகள் தங்களுக்குள்ள அடிக்கிற கிண்டல், பண்டாரம் வீட்டு கல்யாண சாப்பாட்டுக்கு அவங்கள்ல ஒருத்தனான குய்யன் ஏங்குறது, இதெல்லாம் அவசரப்படாம படிங்க, அந்த நாவலோட உயிரே அங்கதான் இருக்கு, பாதில விட்டவங்க பலர் அத பாக்காமலே போயிடறாங்க. கடைசி அத்தியாயம் மட்டும் ஆஸ்பத்திரில வேணாம், கண்டிப்பா வேணாம்.

புத்தகத்த வெச்சப்புறமும் தூக்கம் வரல, சாப்பிட பிடிக்கல, அழுகையா வருதுன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல லைன், ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.