மூலிகைதானே?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. நெஞ்சு வருத்தத்துக்குக் கிளினிக்கில் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மாமா கராம்புக் காப்சியூல் ஒரு போத்தலும், கராம்பு எண்ணெய் சின்னப் போத்தல் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். வாயுவுக்கும் கொழுப்புக்கும் நல்லதாம். மூலிகைதானே, தினமும் எடுத்தால் என்ன?
— ஒரு வாசகி, தருமபுரம்

பதில்: தங்கச்சி, உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது கராம்பு அல்ல, ‘தானே’. இந்த இரண்டெழுத்துச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. வன்னியில் இதை நம்பிக் கெட்டவர்களை எண்ணி முடியாது. தண்ணீர் வற்றிய குளம்தானே என்று மாட்டை இறக்கி, சேற்றில் புதைந்த மாட்டைக் கயிறு போட்டு இழுத்திருக்கிறோம். யானை நேற்றே போய்விட்டதுதானே என்று விடிகாலையில் வயலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். மிதிவெடிப் பலகை நடாத காணிதானே என்று விறகு பொறுக்கப் போய்க் காலை இழந்தவரும் நம் ஊர்களில்தான் இருக்கிறார். ‘தானே’ வந்து உட்கார்ந்த இடத்தில் விசாரணை எழும்பிப் போய்விடுகிறது.

‘மூலிகைதானே’ என்பதையும் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். மாரி தொடங்கினால் வேலியெல்லாம் கார்த்திகைப்பூ. அதன் கிழங்கை ஏதோ வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கிழங்கில் இருக்கும் கொல்சிசின் என்ற பொருளைத்தான் கவுட் என்கிற மூட்டு வருத்தத்துக்கு டாக்டர்மார் குளிசையாகக் கொடுக்கிறார்கள். ஒரு குளிசையில் அரை மில்லிகிராம். கொடி ஒன்று, பொருள் ஒன்று. மருந்தா நஞ்சா என்பதை அளவு தீர்மானிக்கிறது.

இப்போது கராம்புக்கு வருகிறேன். ‘கிராம்பு என்று திருத்தி எழுதுங்கள்’ என்று இந்தப் பக்கத்துக்குக் கடிதம் போடுகிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன், திருத்த மாட்டேன். நம் கடையில் கராம்பு என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சிங்களத்திலும் கராபு. அரபியில் கரன்ஃபுல். கப்பலில் வந்த சரக்கு கப்பல்காரரின் ஒலியோடு வந்திருக்கலாம். பெயர்ச் சண்டை வீண் சண்டை என்று நினைக்க வேண்டாம். கராம்புக்கு இலவங்கம் என்றும் பெயர். ஆனால் இந்தியாவில் இலவங்கப்பட்டை என்றால் அது நம் கறுவா. அங்கிருந்து வருகிற வீடியோவைக் கேட்டுவிட்டு, கராம்பு என்று நினைத்துக் கறுவாவை ஒரு மாதம் அவித்துக் குடித்த அன்பர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல காலம், அவர் குடித்தது இலங்கைக் கறுவா. கசியா என்கிற தடித்த பட்டையாக இருந்தால் அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். அதை மாதக்கணக்கில் குடித்தால் ஈரலைக் கெடுக்கும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அளவு எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கணக்கைப் பார்ப்போம். கராம்பின் காரமும் மணமும் யூஜினோல் என்ற பொருளால் வருகின்றன. ஆளின் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை யூஜினோலைத் தினமும் வாழ்நாள் முழுக்க உண்ணலாம் என்று உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1982 இல் வரையறுத்தது. அம்மா 50 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 125 மில்லிகிராம். ஒரு காய்ந்த கராம்பில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் இருக்கும். அப்படியென்றால் கறிக்குப் போடுகிற இரண்டு மூன்று, பிளேன்ரீயில் போடுகிற ஒன்று, வெத்திலையை மடித்துக் குத்துகிற ஒன்று, இவற்றால் ஒரு பயமும் இல்லை. நூற்றாண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறோம்.

காப்சியூல் கதை வேறு. தூளை 500 மில்லிகிராம் அடைத்த காப்சியூல் என்றால் ஆறேழு கராம்பை ஒரே வாயில் விழுங்குகிற மாதிரி. இரண்டு போட்டால் அம்மாவின் எல்லை வந்துவிட்டது. கறியில் போட்டதை இன்னும் கணக்கெடுக்கவே இல்லை. தூளாக இல்லாமல் சாறாக வடித்து அடைத்தது என்றால் இன்னும் கூடும். எண்ணெயோ அதற்கெல்லாம் மேல். ஒரு தேக்கரண்டி கராம்பு எண்ணெயில் கிட்டத்தட்ட 4,000 மில்லிகிராம் யூஜினோல். நானூறு கராம்பு, தங்கச்சி. இரண்டு கையாலும் அள்ளுகிற கராம்பு ஒரு தேக்கரண்டிக்குள். அது குடிக்கிற எண்ணெய் அல்ல, தேனில் கலந்தாலும் அல்ல.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இரத்தம் கட்டிபடுவதற்கு அதிலுள்ள சின்னச் சின்னத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் அந்த ஒட்டலைத்தான் தடுக்கின்றன. யூஜினோலுக்கும் அதே குணம் உண்டு. இரண்டு பேர் பிடித்து இழுக்கிற கயிற்றை மூன்றாவது ஆளும் வந்து அதே பக்கம் இழுத்தால் என்ன நடக்கும்? முரசில் இரத்தம் கசியும், இடிபடாமலே தோலில் நீலம் கட்டும், மலம் கறுப்பாகப் போகும். இரத்தம் கட்டிபடாமல் இருக்க வோர்ஃபரின் என்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே இப்படியான காப்சியூல்களை நிறுத்திவிட வேண்டும். சீனி வருத்தக்காரரும் கவனிக்க வேண்டும். கராம்புக்குச் சீனியை இறக்கும் தன்மை இருக்கிறது, குளிசையும் சேர்ந்தால் தலை சுற்றி விழ வைக்கும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் கறியில் போடுவதோடு நின்றுகொள்ளட்டும்.

ஆகவே, காப்சியூல் வேண்டாம். எண்ணெய் குடிக்கவே வேண்டாம்.

பல்லுக்கொதிக்குக்கூடவா என்று கேட்பீர்கள். அதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சின்ன வயதில் கடைவாய்ப் பல் ஒன்று கொதித்தபோது, அம்மம்மா பாக்குவெட்டியால் கராம்பின் உருண்டைத் தலையை நறுக்கி எறிந்துவிட்டு, காம்பை நசித்துப் பல்லின் ஓட்டைக்குள் வைத்து, ‘கடிச்சுக்கொண்டு இரு’ என்றார். முதலில் நாக்கு எரிந்தது, அப்புறம் கன்னத்தின் உள்பக்கம் முழுக்க மரத்தது. கொதி போய்விட்டது. அம்மம்மா கெட்டிக்காரிதான், பல் டாக்டர்மாரும் தற்காலிகமாக அடைக்கிறபோது நாக ஒட்சைட்டோடு யூஜினோலைக் குழைத்து வைக்கிறார்கள். ஆனால் நான் நாலு நாள் கராம்பால் வலியை அமுக்கிக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் கன்னம் வீங்கி வாய் திறக்க முடியவில்லை. வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லும் போனது. கராம்பு வலியை நிறுத்தியது, கிருமியை விட்டுவைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும், ஒரு இரவுக்கு, அது உதவும். எண்ணெய் என்றால் ஒரு துளியைத் தேங்காயெண்ணெயில் கலந்து பஞ்சில் நனைத்து வையுங்கள். தனி எண்ணெய் முரசைச் சுட்டுவிடும்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அந்தச் சின்னப் போத்தலை முகட்டுக்குப் பக்கத்தில் ஏற்றி வையுங்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை குடித்து, நினைவிழந்து, வலிப்பு வந்து, ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவம் மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. பனடோலை அளவுக்கு மேல் விழுங்கினால் ஈரல் எப்படிக் கெடுமோ கிட்டத்தட்ட அப்படி. பனடோலுக்குக் கொடுக்கிற மாற்று மருந்தையே இதற்கும் கொடுத்திருக்கிறார்கள். தற்செயலாகக் குழந்தை குடித்துவிட்டால் விரலை விட்டுச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

‘நம் முன்னோர் குடிக்கவில்லையா’ என்று மாமா கேட்கலாம். முன்னோருக்குப் பரியாரியார் இருந்தார். அவர் கை பார்த்தார், வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டார், சரக்கைச் சின்னத் தராசில் குன்றிமணி வைத்து நிறுத்தார், இத்தனை நாளைக்கு என்று சொன்னார், பத்தியமும் சொன்னார். காப்சியூல் போத்தல் உங்கள் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்னோரின் பெயரைச் சொல்லிவிட்டு அவர்களின் தராசை எறிந்துவிடுகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

முன்னோர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிறவர்கள் அருகில் மாந்தை மண்மேட்டைப் பார்த்திருப்பீர்கள். 1980களில் அங்கே நடந்த அகழ்வு போரால் நின்றுபோய், 2009-10 இல் மறுபடி தொடங்கியது. அந்த மண்ணைச் சலித்தபோது கராம்பு கிடைத்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழசு. அந்தக் காலத்தில் கராம்பு மரம் வளர்ந்தது இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளில் மட்டும்தான். அத்தனை கடலைத் தாண்டி வந்து மாந்தைத் துறையில் இறங்கிய சரக்கு எவ்வளவு விலை போயிருக்கும்! அதைக் கைநிறைய அள்ளி விழுங்க யாரால் முடிந்திருக்கும்? இன்றைக்குக் கண்டியிலும் மாத்தளையிலும் காய்க்கிறது, பத்துக் கராம்பைப் பொட்டலத்தில் கட்டி வாங்குகிறோம். வன்னி வெயிலில் அது வளராது. ஆனால் அதன் இரத்த உறவு நம் குளக்கட்டு முழுக்க நிற்கிறது: நாவல். தாவரவியலில் இரண்டும் சிசிஜியம் என்ற ஒரே பேரினம். நாவலின் பழத்தைத் தின்கிறோம், கராம்பில் விரியாத மொட்டைக் கிள்ளிக் காய வைக்கிறோம். அடுத்த முறை கராம்பை உள்ளங்கையில் வைத்து நகத்தால் அந்த உருண்டைத் தலையைப் பிரித்துப் பாருங்கள், திறக்காத இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும்.

சரி, அம்மாவுக்கு வாயு என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கராம்பை மெல்லட்டும், அல்லது தேநீரில் போடட்டும். அடுத்த கிளினிக்குக்கு மாமாவின் இரண்டு போத்தலையும் பையில் போட்டுக் கொண்டுபோய், கொப்பியோடு டாக்டரின் மேசையில் வையுங்கள். லேபலைக் கிழிக்காதீர்கள்.